திறக்கும் வரை குடிக்கக் கூடாது

ஒரு தொகுதி முன்னேறிவிட்டதா என்று பார்க்க, அங்கே என்னென்ன கட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுகிறவர்கள் விவரம் போதாதவர்கள். கட்டுவது கொத்தனார் வேலை. திறப்பதே மக்கள் பணி. இந்தப் பேருண்மையைக் கடலூர் மாவட்டத்துக்கு உணர்த்தியவர் சட்டமன்ற உறுப்பினர் ராஜமாணிக்கம். 'எல்லையோர மக்களின் ஏந்தல்' என்று கட்சிக்காரர்கள் அவருக்குப் பட்டம் கொடுத்திருந்தார்கள். பட்டத்தை எழுதிக் கொடுத்ததே அவர்தான் என்று சொன்னவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். அவர்களுக்கு வேறு வேலை கிடையாது.

2006இல் பதவிக்கு வந்த நாள் முதல், ஐயா திறக்காத எதையும் அவர் தொகுதியில் ஒருவரும் தொட்டதில்லை. ட்ரான்ஸ்பார்மரைக் கத்தரிக்கோலோடு நெருங்கிய துணிச்சல்காரர் அவர். ஓர் ஊரில் சுடுகாட்டுக் கொட்டகை கட்டி முடித்தபோது, முதல் பயனாளி காலை ஏழு மணிக்கே தயாராக வந்துவிட்டார். ஐயா வந்து சேர்ந்தது பகல் இரண்டு மணிக்கு. அதுவரை பயனாளி ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் படுத்திருந்ததை மேடையிலேயே பாராட்டி, "இந்தப் பொறுமை உயிரோடு இருக்கிறவர்களுக்கும் வர வேண்டும்" என்றார். நல்ல மனிதர். நல்ல பேச்சாளரும்கூட.

அப்படிப்பட்டவரின் சேவைக்கு ஒரு சின்ன இடைஞ்சலாக வந்து சேர்ந்தவன்தான் பச்சமுத்து. ஓடைமேட்டு ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். தற்காலிகம். ஐயா ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தால் நிரந்தரம் ஆகலாம் என்பதால், ஐயாவின் பேரைச் சொன்னாலே லுங்கியை இறக்கிவிட்டுக்கொள்கிறவன்.

ஓடைமேட்டுக்கு வடக்கே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. இந்தக் கரை தமிழ்நாடு. அந்தக் கரை பாண்டிச்சேரி. அந்தக் கரையில் இருக்கும் ஊர் நடுத்தோப்பு. ஒரு ஊரில் தாளித்தால் இன்னொரு ஊரில் தும்மல் வரும். ஆனாலும் மாநிலம் வேறு, மந்திரி வேறு, பிராந்தியின் விலை ரொம்பவே வேறு. தண்ணீரும் அப்படித்தான். ஓடைமேட்டு அடிபம்பில் வருகிற உப்புத் தண்ணீரை மாடுகூட முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடிக்கும்.

2010 வைகாசியில் பச்சமுத்துவுக்குக் கல்யாணம் ஆனது. பெண் நடுத்தோப்பு மலர்க்கொடி. பெண் பார்க்கப் போன அன்று அவள் அம்மா ஞானாம்பாள் கேட்டது ஒரே கேள்விதான்.

"மாப்ள இன்னா வேல பாக்கறாரு?"

"டேங்க் ஆபரேட்டரும்மா," என்றார் தரகர். "முப்பதாயிரம் லிட்டர் டேங்கு கட்டிக்கினு இருக்காங்க. சாவி மாப்ள கையில. வாசல்லயே குழாயி."

"எம் பொண்ணு கொடம் தூக்கிக்கினு அலைய வாணாம் இல்ல?"

"கொடமா? சீர்ல கொடமே வெக்காதீங்க. எடந்தான் அடைக்கும்."

அந்த வார்த்தையை நம்பி ஞானாம்பாள் உண்மையாகவே குடம் வைக்கவில்லை. மகளை ஒரு மாநிலம் தாண்டிக் கொடுத்தாள்.

ஆனி மாதம் டேங்க் எழுந்து நின்றது. மேலே ஏறினால் கடல் தெரியும். கீழே வழவழப்பான கல்வெட்டு, அதன்மேல் மஞ்சள் திரை. தெருவெல்லாம் புதுக் குழாய்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பாலிதீன் பையைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அன்று மாலையே எம்.எல்.ஏ.வின் பி.ஏ. அருண்பாண்டியன் போனில் வந்தான்.

"ஐயா வந்து தொறக்கற வரைக்கும் தொகுதிக்குள்ள ஒரு சொட்டு யாரு வாய்லயும் படக்கூடாது. தெரியுதா?"

"சரிங்க சார். அப்ப தண்ணி ஏத்தாம காலியா வெச்சிடட்டுமா?"

"யோவ், ஐயா எந்த நேரம் வேணா வருவாரு. காலி டேங்கையா தொறப்பாரு? நெறஞ்சே இருக்கணும். தண்ணி புதுசா இருக்கணும். ஐயா ஒரு டம்ளர் குடிச்சிக் காட்டுவாரு, போட்டோ இருக்குது."

ஆக, செவ்வாயும் வெள்ளியும் முப்பதாயிரம் லிட்டரையும் திறந்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, மறுபடி மோட்டார் போட்டு ஏற்றுவது பச்சமுத்துவின் பணி ஆயிற்று. டேங்கைக் கழுவிவிடும் குழாய் வாய்க்கால் கரையில் வந்து முடிந்தது. முதல் செவ்வாயே ஓடைமேட்டுப் பெண்கள் அங்கே குடத்தோடு நின்றுவிட்டார்கள். இது 'திறப்புக்கு முந்தைய நுகர்வு' என்று பி.டி.ஓ. ஆபீசிலிருந்து கண்டனம் வந்தது. தீர்வும் அவர்களே சொன்னார்கள். குழாயை இன்னும் பன்னிரண்டடி நீட்டி, தண்ணீர் அந்தக் கரையில் போய் விழும்படி செய்தார்கள். அந்தக் கரை பாண்டிச்சேரி. ஐயாவின் தொகுதி இல்லை. அங்கே யார் குடித்தாலும் திறப்பு விழாவுக்குப் பங்கம் கிடையாது.

நடுத்தோப்புக்காரர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு குடித்தார்கள். இனிப்பான தண்ணீர். இந்தப் பக்கத்துப் பெண்கள் அரைக் கிலோமீட்டர் நடந்து மதகைத் தாண்டி, வெளிமாநிலம் சென்று, தங்கள் ஊர்த் தண்ணீரைப் பிடித்து, தலையில் சுமந்து தாய்நாடு திரும்பினார்கள். இரு மாநில நல்லுறவுக்கு இதைவிட உருப்படியாக யார் என்ன செய்திருக்கிறார்கள்?

ஆடி பிறந்ததும் வழக்கப்படி புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆவணி பிறந்தது. மலர்க்கொடி வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பச்சமுத்து குழாயைத் திறந்துவிட்டு இந்தக் கரையில் நின்றான். அந்தக் கரையில் அவள் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆடி முடிஞ்சி பத்து நாளு ஆவுது, மலரு."

"குழாய்ல தண்ணி வரட்டும் மாமா, வரேன்."

"அது எங்கையில இல்ல."

"சாவி உங்கையிலதான இருக்குது?"

"சாவி இருக்குது. உத்தரவு இல்ல."

"தோ பாரு மாமா. அங்க வந்தா இந்தத் தண்ணிக்கு நான் அர கிலோமீட்டர் நடந்து இங்கதான் வரணும். இங்கயே இருந்தா நாலு எட்டு. நீயே சொல்லு, எது புத்திசாலித்தனம்?"

பச்சமுத்து குடத்தைப் பார்த்தான். அவன் டேங்கிலிருந்து வந்த தண்ணீர் அவன் மனைவியின் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு மாநில எல்லை இருந்தது. அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் கடலூருக்கு பஸ் ஏறினான். எம்.எல்.ஏ. ஆபீசில் அருண்பாண்டியன் பெரிய டைரி ஒன்றைப் புரட்டினான்.

"ஆவணி பூரா கல்யாணம். ஐயா தாலி எடுத்துக் குடுக்காம ஒரு முகூர்த்தம் நடக்கறதில்ல. புரட்டாசியில புதுசா எதுவும் தொறக்கறதில்லன்னு கொள்கை. ஐப்பசி மழ. கார்த்திகைல வா."

கார்த்திகையில் போனான். கல்வெட்டில் சிக்கல் வந்திருந்தது. ஒன்றியச் செயலாளரின் பேர் ஐயாவின் பேரைவிட அரை அங்குலம் பெரிதாக இருப்பதை யாரோ அளந்து சொல்லிவிட்டார்கள். புதுக்கல் சிதம்பரத்தில் தயாராகி வந்தது. அதற்குள் கட்சியில் ஒரு செயலாளர் மாறிவிட்டார். இன்னொரு கல் வந்தது. ஓடைமேட்டுக்குத் தண்ணீர் வருவதற்குள் மூன்று கல் வந்துவிட்டது என்று ஊரில் சிலர் நன்றி மறந்து பேசினார்கள்.

தை மாதம், ஐயா சிதம்பரம் கீழவீதியில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டு, பச்சமுத்து அங்கேயே போய்விட்டான். மண்டபத்தில் ஐயாவைச் சுற்றி வெள்ளைச் சட்டைகள் வேலி போட்டிருந்தன. முதல் பந்தியில் ஐயா உட்கார்ந்ததும், பச்சமுத்து பரிமாறுகிறவர்களிடமிருந்து ஒரு ஜக்கை வாங்கி, வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்து ஐயாவின் இலைக்கு எதிரே நின்றான். ஊற்றத் தெரிந்தவன், ஒரு சொட்டு சிந்தவில்லை.

"ஐயா, ஓடைமேடு."

"ஓடைமேடா. எல்லையோர மக்கள் என் ரெண்டு கண்ணுய்யா. என்ன குறை?"

"டேங்கு ஐயா. ஏழு மாசமா தொறக்கல. எம் பொண்டாட்டி கோச்சிக்கினு பாண்டில இருக்குது. குழாய்ல தண்ணி வந்தாதான் வருமாம்."

ஐயா வடையைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியதைப் பக்கத்து இலைக்காரர் பிற்காலத்தில் பலரிடம் சாட்சி சொல்லியிருக்கிறார்.

"அருண்பாண்டியா, கேட்டியா? ஒரு தொட்டி, பிரிஞ்ச குடும்பத்தைச் சேத்து வைக்குது. இதை மேடையில சொல்லணும், குறிச்சுக்க. பிப்ரவரி இருபத்தேழு, ஞாயித்துக்கிழம. தம்பி, உன் சம்சாரத்த அன்னிக்கி வரச் சொல்லு. முதல் சொம்புத் தண்ணிய என் கையால குடுக்கறேன்."

"ஐயா, அந்த பெர்மனன்ட் லெட்டரு..."

"அதையும் மேடையில குடுத்துடலாம். போய் பாயசம் கொண்டா."

பச்சமுத்து அன்று சிதம்பரத்திலிருந்து புவனகிரி வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

பிப்ரவரி 27 வந்தது. பந்தல், இருநூறு நாற்காலி, காலை ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி. ஊர் மொத்தமும் ஒன்பது மணிக்குப் பந்தலில் இருந்தது. மலர்க்கொடியும் வந்தாள். பட்டுப்புடவை, கையில் துணிப்பை, பக்கத்தில் ஞானாம்பாள். ஆனால் அந்தக் கரையிலேயே நின்றுகொண்டாள்.

"இந்தாண்ட வாயேன், நாற்காலி போட்டிருக்குது."

"தண்ணி வரட்டும் மாமா. அவரு தொறந்த பின்னாடிதான் வாய்க்காலத் தாண்டுவேன்."

மணி பத்து ஆனது. பன்னிரண்டு ஆனது. வெயிலில் பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுதன. பந்தலில் இருந்த ஒரே தண்ணீர், ஐயா குடித்துக் காட்டுவதற்காக மேடையில் வைத்திருந்த டம்ளர். அதற்கு மூடி போட்டிருந்தார்கள். மூன்றரை மணிக்கு அருண்பாண்டியனின் போன் வந்தது.

"ஐயா நெல்லிக்குப்பத்துல ஒரு காதணி விழாவுல மாட்டிக்கினாரு. அடுத்தது குறிஞ்சிப்பாடி. இன்னிக்கி ஆவாது. நாளைக்கி இல்லன்னா நாளான்னிக்கி."

"சார், ஊரே காலைலேர்ந்து..."

"கலைஞ்சி போவச் சொல்லு. அப்பறம் இன்னொண்ணு. அது நேத்து ஏத்துன தண்ணி இல்ல? தொறந்துவுட்டுட்டு ராத்திரிக்கே புதுசா ஏத்திடு. ஐயாவுக்குப் பழந்தண்ணி ஆவாது."

பச்சமுத்து போனைச் சட்டைப்பையில் போட்டான். வாய்க்காலின் அந்தப் பக்கம் பார்த்தான். மலர்க்கொடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடக்க ஆரம்பித்தாள். அவனுக்குக் கோபம் வந்தது. ஐயாவின் மேல்கூட ஒருவனுக்குக் கோபம் வருமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

டேங்குக்கு அடியில் இரண்டு வால்வுகள். ஒன்று வாய்க்காலுக்கு, ஒன்று ஊருக்கு. எட்டு மாதமாகப் பழகின கை முதல் வால்வுக்குத்தான் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரண்டாவது வால்வின் பூட்டைத் திறந்து, அதைப் பிடித்துத் திருகியது.

தெருவில் பாலிதீன் பைகள் ஒவ்வொன்றாக ஊதிப் பெருத்து வெடித்தன. ஐந்தாண்டு மக்கள் பணியில் அந்த ஊர் கேட்டறியாத சத்தம். பந்தல் ஒரு நிமிடத்தில் காலியானது. பெண்கள் குடத்துக்கு ஓடினார்கள். ஆண்கள் குழாயிலேயே வாயை வைத்தார்கள். யாரோ ஓடிப்போய் வாய்க்கால் கரையில் நின்று, "மலரு, தண்ணி வந்துடுச்சி" என்று கத்தினார்கள். மலர்க்கொடி மதகு வழியாகச் சுற்றி வரவில்லை. பட்டுப்புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியே வந்துவிட்டாள். பச்சமுத்து வீட்டு வாசல் குழாயில் ஒரு சொம்பு பிடித்துக் குடித்தாள்.

"பிளீச்சிங் பவுடரு கொஞ்சம் ஜாஸ்தி மாமா," என்றாள். அவன் அழுதுவிட்டான்.

தகவல் அன்று மாலையே கடலூரை எட்டியது. ஐயா கோபப்படவில்லை, கோபப்படுவது அவர் குணம் இல்லை. வருத்தப்பட்டார். சட்ட நுணுக்கம் தெரிந்தவர்களோடு கலந்து பேசினார். திறந்துவிட்ட ஒன்றைத் திறக்க முடியாது என்பது முதலில் தெளிவானது. மூடப்பட்டிருக்கும் ஒன்றைத் திறக்கலாம் என்பது அடுத்துத் தெளிவானது. எனவே மக்களின் நன்மை கருதி, தொட்டியை உடனடியாக மூடும்படி ஆணையிட்டார். திங்கட்கிழமை அதிகாரிகள் வந்து மூடினார்கள். புதுப் பாலிதீன் பைகளையும் புதுச் சணலையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். புதன்கிழமை ஐயா வந்து முறைப்படி திறப்பதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை தேர்தலை அறிவித்துவிட்டார்கள். நடத்தை விதி அமலுக்கு வந்தது. கல்வெட்டின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டினார்கள். ஊருக்குப் போகும் வால்வில் அரக்கு முத்திரை வைத்தார்கள். இனி புது ஆட்சி வரும்வரை யாரும் எதையும் திறக்க முடியாது. டேங்க் பாழாகாமல் இருக்க, வாரம் இருமுறை கழுவிவிடும் உத்தரவு மட்டும் அப்படியே நின்றது.

பச்சமுத்துவுக்கு மெமோ வந்தது. 'உரிய அலுவலரின் அனுமதியின்றிப் பொதுமக்களுக்குக் குடிநீர் வழங்கிய குற்றத்துக்கு விளக்கம் தருக.' வேலையைப் பறிக்கத்தான் நினைத்தார்கள். அந்த உயரத்தில் ஏற வேறு ஆள் கிடைக்காததால், நிர்வாகம் பெருந்தன்மையோடு அவனை மன்னிக்காமலேயே வைத்துக்கொண்டது. நிரந்தரக் கடிதம் போனது போனதுதான்.

"நீ மறுபடி போயிடுவியா?" என்று மலர்க்கொடியிடம் கேட்டான்.

"எதுக்கு? தண்ணி வந்தா வரேன்னு சொன்னேன். வந்துச்சி, வந்தேன். நின்னா போறேன்னு சொன்னனா?" என்றபடி அவள் குடத்தை எடுத்துக்கொண்டு மதகைப் பார்த்து நடந்தாள்.

பங்குனி வெயிலில் ஐயா ஓட்டுக் கேட்டு ஓடைமேட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து பதினான்கு ஊர் பேசி, தொண்டை வறண்டுபோயிருந்தது. ஜீப்பில் இருந்த பாட்டில் தண்ணீரையெல்லாம் எல்லைப்புறச் சரக்கில் கலந்து தொண்டர்கள் தீர்த்திருந்தார்கள். பச்சமுத்து அப்போதுதான் வாய்க்கால் வால்வைத் திறந்துவிட்டு, கழுவுவதற்காக டேங்கின் மேலே ஏறியிருந்தான். அவன் வீட்டு வாசலில், வாய் கட்டப்பட்ட குழாய்க்குப் பக்கத்தில், மலர்க்கொடி இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தாள். ஐயா கும்பிட்டார்.

"ஒரு வாய் தண்ணி குடும்மா."

"டேங்கு நெறய இருக்குதுங்க ஐயா. ஆனா இன்னும் தொறக்கல. தொறக்கற வரைக்கும் தொகுதிக்குள்ள ஒரு சொட்டு யாரு வாய்லயும் படக்கூடாதுன்னு உங்க உத்தரவு."

அருண்பாண்டியன் குறுக்கே வந்தான். "அந்தக் கொடத்துல இருக்கறத குடும்மா."

"அது பாண்டித் தண்ணிங்க. வெளி மாநிலத்துலேர்ந்து கொணாந்தத வேட்பாளருக்குக் குடுத்தா, தேர்தல் நேரத்துல கேசாயிடுமோன்னு பயமா இருக்குது." அவள் குரலில் மரியாதை ஒரு துளி குறையவில்லை. "மதகைத் தாண்டுனீங்கன்னா தாராளமா குடிக்கலாம். அர கிலோமீட்டர்தான். நாங்க வாரா வாரம் போறதுதான்."

மதகு வழியில் ஜீப் போகாது. ஐயா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். எல்லையோர மக்களின் துயரத்தைக் காலாலேயே அளந்து பார்த்த சட்டமன்ற உறுப்பினர் இந்திய வரலாற்றில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். போகிற வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்.

அந்தக் கரையில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஞானாம்பாள் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். தலையில் துண்டோடு வந்து நின்ற மனிதர் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்குகிறதைப் பார்த்து ஒரு சொம்பு நீட்டினாள். ஐயா குடித்தார். இன்னொரு சொம்பு குடித்தார். மூன்றாவதை முகத்தில் ஊற்றிக்கொண்டார். உயிர் வந்தது.

"இன்னா தண்ணிம்மா இது, இளநி தோத்துடும். பாண்டி ஜனங்க குடுத்து வெச்சவங்க. இப்படி ஒரு தண்ணிய ஊருக்குக் கொண்டாந்தவரு நல்ல மனுஷனாத்தான் இருக்கணும்."

"நல்லவராத்தான் இருப்பாரு," என்றாள் ஞானாம்பாள், அடுத்த குடத்தை நகர்த்தி வைத்தபடி. "அவரு தொறக்க வரல. அதனாலதான் நாங்க குடிக்கறோம்."